காலே அரைக்கால் அங்குலப் பள்ளிக்கூடம்

உ
சிவமயம்

டல்லாஸ், டெக்சஸ்
ஆடி மாதக் கடைசி

அன்புள்ள அப்பச்சிக்கு,

உங்கள் மகள் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் ஆத்தாவின் முழங்கால் வலிக்கும் பின்கட்டு ஓட்டு ஒழுகலுக்கும் பதில் எழுதவும்.

போன வாரம் போனில் மூன்று கேள்வி கேட்டீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சர்க்காருக்குத் தெரியுமா? அதற்குப் புத்தகம் பைண்டு பண்ணுகிற மிஷின் எதற்கு? மிஷின் என்ன விலை, போட்ட முதல் எப்போது திரும்பும்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் உங்கள் குரல் கம்மியது. ஆகவே எழுத்திலேயே தருகிறேன். பேரேட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்காருக்குத் தெரியுமா என்றால், தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் நடத்துகிற பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1994-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதிவு கிடையாது, இன்ஸ்பெக்டர் கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமை, இந்த ஐந்தையும் நடத்த வேண்டும். பாடம் கண்ணால் பார்க்கிற வடிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது பாடத்தை நான் ஆத்தாவின் முறைப்படி நடத்துகிறேன். காபி குடித்த டம்ளரை யார் கழுவியது என்று கேட்பது, கழுவாதவரைக் கழுவ வைப்பது. உங்கள் மாப்பிள்ளை இன்னும் தேறவில்லை.

அதே 1994-ல்தான் நம் கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுசு முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. இன்றைக்கு அவை சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கின்றன. போர்டு எழுதிப் பிழைத்த மனுஷர், ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி சேர்த்தார். மூத்தவனிடம் சொன்னேன். “அதை எல்லாம் யாரம்மா பைண்டு பண்ணினார்கள்?” என்றான். வீட்டில் மிஷின் வந்ததிலிருந்து அவனுக்கு உலகத்தில் வேறு கேள்வி இல்லை.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளை உருப்படுமா என்று ஆத்தா கவலைப்பட்டதாகச் சொன்னீர்கள். என் தாத்தா, நம் ஐயா, பதினாலு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய், வட்டிக்கடைக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்குப் படித்தவர்தானே? அங்கே எந்த வாத்தியார் இருந்தார்? அடுத்தாள் ஒருவர், பெட்டி ஒன்று, தப்புப் போட்டால் தலையில் ஒரு குட்டு. இங்கே குட்டு மட்டும் கிடையாது. குட்டினால் சர்க்காருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, மிஷின் எதற்கு என்பது. இங்கே வீட்டுப் படிப்புக்கான பாடங்களைக் கம்ப்யூட்டரில் விற்கிறார்கள். காசு கட்டினால் பாடம் வரும், புத்தகம் வராது. நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டும். முதல் மாதம் அச்சடித்த தாள்களைக் கிளிப் போட்டு மேஜை மேல் வைத்தேன். மின்விசிறி ஓடியதில் பின்னப் பாடத்துக்குள் வெட்டுக்கிளியின் உறுப்புகள் புகுந்துவிட்டன. சின்னவள் கால் என்றால் வெட்டுக்கிளியின் கால் என்று எழுதினாள். தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

நம் ஊர்ச் செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்பைரல் போட்டு வைத்திருப்பார்களே என்பீர்கள். இங்கேயும் கடை உண்டு. ஒரு புத்தகத்துக்கு ஐந்து டாலர். நம் காசில் பெருக்காதீர்கள், அப்புறம் தூக்கம் வராது. நான் பெருக்கினேன், வரவில்லை.

அதனால் பழைய மிஷின் ஒன்று தேடினேன். ஏழு பிள்ளைகளைப் பெற்று ஏழு பேரையும் வீட்டிலேயே படிக்க வைத்து முடித்த ஒரு மகராசி, கடைசிப் பிள்ளை கல்லூரிக்குப் போனதும் விற்கிறாள் என்று தகவல் வந்தது. போனோம். கார் நிறுத்துகிற கொட்டகைக்குள், வண்டிக்குப் பதில் கணக்குப் புத்தகங்கள். நடுவில் மிஷின், நம் வீட்டு முறுக்கு அச்சுக்கு அண்ணன் மாதிரி. இரும்பு. நாற்பது டாலர் என்றாள். உங்கள் பெண்ணாச்சே, முப்பது என்றேன். அவள் சிரித்துவிட்டு, “நாற்பது. ஆனால் உபதேசம் இலவசம்” என்றாள்.

அந்த உபதேசம்தான் லாபம், அப்பச்சி. ஒரே தடவையில் பன்னிரண்டு தாள் குத்தலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால் எட்டுத்தான் வைக்க வேண்டுமாம். பன்னிரண்டு வைத்தால் இன்றைக்குக் குத்தும், ஆறு மாதம் கழித்துப் பல் மழுங்கித் தாளைக் கடித்துக் குதறும். மடக்கிப் பிடித்து எழுதுகிற பயிற்சி நோட்டுக்கு ஸ்பைரல்தான் சரி. அது முழுசாகப் பின்னால் திரும்பும். ஆனால் பிள்ளைகள் எழுதியதைச் சேர்த்து வைக்க இந்த மிஷின் மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்பு மாதிரி வராது, வேண்டும்போது திறந்து தாள் சேர்க்கலாம், கிழிந்த தாளை எடுக்கலாம். ஏழு பிள்ளைகளின் அனுபவம்.

மிஷின் வேலை செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். தாளின் ஓரத்தை வாய்க்குள் விட்டுக் கைப்பிடியை இழுத்தால் சின்னச் சின்ன நீள்சதுரமாகப் பத்தொன்பது துளை விழும். பிறகு சீப்பைப் பல்வரிசையில் மாட்டி, பின்கைப்பிடியைத் தள்ளினால் சீப்பின் வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறக்கும், வைத்தியர் முன்னால் “ஆ” காட்டுகிற மாதிரி. தாளை அதில் கோத்துக் கைப்பிடியை விட்டால் வாய் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு முதல் புத்தகத்தை வலது பக்கத்தில் குத்திவிட்டேன். தொண்ணூறு தாள். இலக்கணம் இப்போது உருது மாதிரிப் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறது. இரண்டாவது புத்தகத்தில் ஓரக் கட்டை நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. கடைசித் துளை பாதி தாளிலும் பாதி ஆகாசத்திலும் விழுந்தது. மூன்றாவது நன்றாக வந்தது. அப்போது மிஷின் நின்றுவிட்டது. அடியில் ஒரு டிராயர் உண்டு, குத்திய துணுக்குகள் அதில் சேரும், நிறைந்தால் கொட்ட வேண்டும் என்று மகராசி சொல்ல மறந்துவிட்டாள். சின்னவள் டிராயரை இழுத்துப் பார்த்து, “அட்சதை!” என்று கூவி, வேலை முடிந்து வந்த உங்கள் மாப்பிள்ளை தலையில் மொத்தமாகக் கொட்டிவிட்டாள். பத்து வருஷம் கழித்து மறுபடி ஒரு கல்யாணம். இந்தத் தடவை மொய் இல்லை.

கொப்புடையம்மன் கோயில் பக்கம் இருந்த பைண்டிங் தாத்தா நினைவு வந்தது. மே மாதக் கடைசியில் என் பழைய நோட்டுகளில் எழுதாத தாளை எல்லாம் நீங்கள் கிழித்து எடுத்து, அவரிடம் கொடுத்து ரஃப் நோட்டாக்கி வருவீர்களே. கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது, எல்லாம் ஒரே அட்டைக்குள். அவர் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாள்கட்டை முழங்காலால் அமுக்கி, மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் கிண்டுவார். பூச்சி அண்டாது; அந்த வாசனைக்கு நானும் அண்ட மாட்டேன்.

என் பாட்டி, நம் ஆயா, கல்கியில் வாராவாரம் பிரித்து எடுத்த பொன்னியின் செல்வனும் அவரிடம்தான் போனது. 1950-லிருந்து 54 வரை மூன்றரை வருஷத் தாள், மணியம் படங்களோடு. ஓரம் வெட்டும்போது பல பக்கங்களில் கடைசி வரியையும் சேர்த்து வெட்டிவிட்டார். நடுவில் ஒரு வாரத் தாள் காணாமல் போய்விட்டது. அந்த அத்தியாயத்தை ஆயா வாயால்தான் சொல்லுவார்கள். பின்னாளில் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். ஆயா சொன்னதில் இன்னும் இரண்டு குதிரை கூட இருந்தது.

இப்போது கணக்கு. இதற்குத்தான் இத்தனை தூரம் உங்களை இழுத்து வந்தேன்.

மூத்தவனுக்குப் பின்னம் ஏறவே இல்லை. மூன்றின் கீழ் எட்டு என்றால் முழிக்கிறான். ஒரு நாள் சீப்புப் பெட்டியை அவன் முன்னால் கொட்டினேன். சீப்புகளின் தடிமன் எல்லாம் அங்குலத்தில்: 1/4, 5/16, 3/8, 1/2, 9/16, 5/8, 3/4. பார்த்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று திண்ணையில் நீங்கள் என்னை உட்கார வைத்து எண்சுவடி ஒப்பிக்கச் சொன்னது காதில் விழுந்தது. கால். காலே மாகாணி. காலே அரைக்கால். அரை. அரையே மாகாணி. அரையே அரைக்கால். முக்கால். ஒன்றுகூடத் தப்பவில்லை, அப்பச்சி! பதினாறில் ஒன்று மாகாணி, எட்டில் ஒன்று அரைக்கால். பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. காலையும் அரைக்காலையும் கூட்டினால் என்ன என்று கேட்க வேண்டியதே இல்லை, “காலே அரைக்கால்” என்று கூப்பிட்டாலே விடை வந்துவிடுகிறது.

நாம் 1957-ல் பதினாறு அணாவை விட்டுவிட்டு நயா பைசாவுக்குப் போய்விட்டோம். இந்த ஊர் சுத்தியல், ஸ்பேனர், சீப்பு என்று இன்னும் மாகாணியிலேயே குடித்தனம் நடத்துகிறது. மாகாணி எதற்கு உதவும் என்று ஏழாம் வகுப்பில் நான் அழுதேன். டல்லாஸில் உதவும் என்று நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது மூத்தவன் “அம்மா, ஐம்பது தாள், காலே அரைக்கால் எடு” என்கிறான். காலே அரைக்கால் சீப்பு ஏறத்தாழ ஐம்பத்தைந்து தாள் பிடிக்கும். முக்கால் நூற்றைம்பது. வாய்ப்பாடாகவே சொல்கிறான்.

சீப்பு என்றதும் ஆத்தா அனுப்பிய பார்சல் பற்றி. இங்கே சீப்பு விலை கூட, அங்கிருந்து ஒரு பெட்டி அனுப்பச் சொல்லுங்கள் என்று போனில் சொன்னது நான்தான், தப்பு என்மேல்தான். பிரித்தால் ஒரு டஜன் தலைவாரும் சீப்பு, ஒரு ஈருளி, இரண்டு பேன்சீப்பு, வேப்பெண்ணெய் ஒரு பாட்டில். கூப்பிட்டுக் கேட்டால் ஆத்தா, “பிள்ளைக தலையில பேன் விழுந்திருச்சு போல, வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சீப்புன்னு மட்டும் சொல்லுதுன்னு நினைச்சேன்” என்றார்கள். வேப்பெண்ணெய் வீண் போகவில்லை. மிஷினுக்குப் போட்டேன், சுகமாக ஓடுகிறது. ஜன்னல்களைத்தான் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.

பிறகு நீங்களே கடைக்குப் போய்ச் சரியான பிளாஸ்டிக் சீப்பு நூறு வாங்கி அனுப்பினீர்கள். தபால் செலவு மிஷின் விலையைத் தாண்டிவிட்டது. அதை மகமைக் கணக்கில் எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வந்ததும் மாட்டிப் பார்த்தேன். இரண்டு பல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எண்ணிப் பார்த்தால் இருபத்தொரு வளையம்! அப்போதுதான் புரிந்தது. நம் ஊரில் ஏ4 தாள். உலகமே அதில்தான் எழுதுகிறது. இவர்கள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலத்தில் தனித் தாள் வைத்திருக்கிறார்கள், அகலத்தில் கொஞ்சம் கூட, உயரத்தில் ஏறக்குறைய முக்கால் அங்குலம் குறைச்சல். அந்த உயரத்துக்குப் பத்தொன்பது துளைதான்.

உட்கார்ந்து அழலாமா என்று இருந்தது. மூத்தவன் அளவுகோலை எடுத்து இரண்டு சீப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “அம்மா, வளையத்துக்கு வளையம் இடைவெளி ஒன்றுதான். இரண்டிலும் அரையே மாகாணி” என்றான். கத்தரிக்கோல் எடுத்து ஓரத்தில் இரண்டு வளையத்தை நறுக்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது. நூறு சீப்பு, இருநூறு வளையம். நறுக்கிய வளையங்களைச் சின்னவள் நூலில் கோத்துக் கொலுசு போட்டுக்கொண்டிருக்கிறாள், காலுக்கு இருபது வீதம். நடந்தால் சத்தம் வருவதில்லை. அதனால் கூடவே “சல் சல்” என்று வாயால் சொல்லிக்கொண்டு நடக்கிறாள்.

ஆக, மூன்றாவது கேள்வி. மிஷின் 40 டாலர். இங்கே முதலில் வாங்கிய சீப்பு ஒரு பெட்டி 14. முன்னட்டைக்குக் கண்ணாடித் தாள் 16. பின்னட்டை 10. மொத்தம் 80. கடையில் ஒன்றுக்கு 5. பதினாறாவது புத்தகத்தில் முதல் திரும்பியது. மிச்சச் சீப்பும் அட்டையும் சரக்கு இருப்பு. அச்சு மை எங்கே என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். இங்கே மை விற்கிற விலைக்கு அத்தரில் அச்சடிக்கலாம்.

இதுவரை பைண்டு ஆனவை 41. அதில் பாடப் புத்தகம் 14. மற்றவை: துணி துவைக்கிற மிஷினின் விளக்கப் புத்தகம், மளிகைக் கடைத் தள்ளுபடிச் சீட்டுகள் (தேதி முடிந்தவை), சின்னவள் எழுதிய “எங்கள் நாய்” முதல் பாகம், இரண்டாம் பாகம். எங்களிடம் நாய் இல்லை. உங்கள் மாப்பிள்ளை தன் வருமான வரிக் காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார், திரும்பி வருவதற்குள் அவையும் அரையே அரைக்காலில் ஏறிவிட்டன. முன்னட்டையில் ரோஜாப்பூ. இந்த இருபத்தேழையும் லாபத்தில் எழுதுவதா, வாராக்கடனிலா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆயாவின் பொன்னியின் செல்வன் கட்டை எலி தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் வரும்போது தொலைந்த அந்த அத்தியாயத்தை, ஆயா சொன்னபடியே, இரண்டு குதிரையும் சேர்த்து எழுதி, ஏ4 தாளில் அடித்துக் கொண்டுவருகிறேன். கோக்க ஆளும் கூட வருகிறான்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பி.கு.: ஆத்தாவிடம் படித்துக் காட்டவும். இனிமேல் எந்தச் சீப்பும் அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் சீப்புச் சீடை ஒரு டின். அதில் இரண்டு வளையம் நறுக்க வேண்டியதில்லை.