தலை எண்ணுகிறவர்

ஆள்காட்டி விரலை நீட்டி, உதடுகள் ஓசையின்றி அசைய, குடும்பத்தாரின் சிரசுகளை எண்ணிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரியவரை ரயில் நிலையங்களிலும், கல்யாண மண்டப வாசல்களிலும், கோயில் பிரகாரங்களிலும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததில்லை என்பீர்களானால், உங்கள் குடும்பத்தில் அந்த ஸ்தானத்தை வகிப்பவர் நீங்களேதான் என்று அர்த்தம். சர்க்கார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற ஜனத்தொகைக் கணக்கை இவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடுக்கிறார். 2021-ஆம் வருஷத்துக் கணக்கைச் சர்க்கார் ஒத்திவைத்ததுண்டு, இவர் ஒத்திவைத்ததாகச் சரித்திரம் இல்லை. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்த பிற்பாடு தம்மைத் தாமே விட்டுவிட்டு எண்ணி அழுதார்கள் அல்லவா? நம்மவரிடம் அந்தப் பிழை நேராது. எண்ணிக்கை எப்போதும் தம்முடைய மார்பில் விரலை வைத்துத்தான் ஆரம்பமாகும். நான் எவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. இந்த வர்ணனை என் மனைவியின் தமையனாருக்கு அணுவளவும் பிசகாமல் பொருந்துவது அவருடைய துரதிருஷ்டம்.

டிக்கெட்டுகளைச் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்துவது, போன ஊரிலெல்லாம் தண்ணீரை ருசி பார்த்துக் குறை சொல்வது முதலிய உபகுணங்களும் உண்டு. அவை எல்லார் வீட்டுப் பெரியவர்களுக்கும் பொதுவாகையால் விட்டுவிடுகிறேன்.

இப்படிப்பட்டவரோடு காசிக்குப் போகலாம், கும்பமேளாவுக்குக்கூடப் போகலாம்; பவளப் பாறைக்கு மட்டும் போகலாகாது. ஏனென்றால், பவளப் பாறையைத் தரிசிப்பதற்கு உள்ள விதி ஒன்றே ஒன்றுதான்: தலை தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

இந்த ஆதாரமான முரண்பாட்டை யோசியாமல், குழந்தை குட்டிகளுடன் பதின்மூன்று பேராக அந்தமானுக்குப் புறப்பட்டோம். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து வண்டூருக்குப் போய், 1983-இல் ஏற்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறவேண்டும். வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் ஜனங்களை இறக்கினால் பவளம் தாங்காது என்று, அந்தத் தீவுக்குச் சில மாதமும் ரெட் ஸ்கின் தீவுக்குச் சில மாதமுமாக முறை வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் சாமான் கொண்டுபோகக் கூடாதென்று படகுத் துறையில் பைகளைச் சோதனை போடுகிறார்கள். சிப்பந்தி பைகளைச் சோதித்த அவகாசத்தில் நம்மவர் எங்களைச் சோதித்து முடித்தார். நடுக்கடலில் படகு ஆடி, மாமியார் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தபோது, முன்வரிசையிலிருந்து "பதின்மூணு, சரி!" என்று அவர் குரல் கேட்டதும் எல்லார் முகத்திலும் ஒரு தெம்பு வந்தது என்பதையும், அந்த எல்லாரில் நானும் சேர்த்தி என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

தீவை நெருங்கியதும் அடியில் கண்ணாடி பதித்த சிறு படகுக்கு மாற்றினார்கள். நாங்கள் குனிந்து, கால்களுக்கிடையே மான்கொம்பு போலக் கிளைத்துக் கிடந்த பவளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரிந்த படகுக்காரர், "இது கல்லும் இல்லை, செடியும் இல்லை சார்; ஒவ்வொரு கொத்திலும் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் பிராணி ஒட்டிக்கிட்டு ஒரே குடும்பமா இருக்குது" என்று விளக்கினார். நம்மவர் முதன்முறையாகக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். "ஆயிரக்கணக்கிலா? அதுகளை யார் கவனிச்சுக்கிறது?" என்று உண்மையான கவலையுடன் கேட்டார்.

உச்சகட்டம் அதற்கு மேல்தான். முகமூடியும், வாயில் கவ்வும் குழாயும், மிதவைச் சட்டையுமாக எங்களில் எட்டுப் பேர் தண்ணீரில் இறங்கினோம். அவர் முழங்காலளவு நீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்து, கைதட்டினால் அவரவர் இலக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். வாயில் குழாயைக் கவ்வியவன் 'ஏழு' என்று எப்படிச் சொல்வது? 'ம்ம்' என்றேன். ஆறாமவனும் 'ம்ம்' என்றான், எட்டாமவளும் அப்படியே. யார் யார் 'ம்ம்' என்று நிச்சயிக்க மாட்டாமல் அவர் மறுபடி கைதட்டினார்.

எனக்கு நேர் கீழே, இரண்டு முழ ஆழத்தில், பச்சையும் ஊதாவுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. பாசிக்காகக் கல்லையே கடித்து, அரைத்து, மணலாகக் கழித்துவிடுகிற பிராணி அது; தீவில் நாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பரவசத்தோடு நடக்கிற வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் உபயம். அது கடிக்கும் 'நறுக்' என்ற சப்தம் தண்ணீருக்குள் ஸ்பஷ்டமாகக் கேட்டது. இன்னொரு முறை கேட்கலாமென்று மூச்சை அடக்கியிருந்தபோது, என் மிதவைச் சட்டையின் வாரை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

"மாப்பிள்ளை, தலையைத் தூக்குங்க! கணக்கு இடிக்குது!"

இதில் நகைப்பதற்கு எனக்கு ஒன்றும் தென்படவில்லை. 2010-இல் கடல் அளவுக்கு மீறிச் சூடேறி, அந்தமான் பவளங்களில் பெரும் பகுதி வெளுத்துப் போயிற்று, வெளுத்ததெல்லாம் பிழைத்துவிடவில்லை. உயிரோடு மிஞ்சியிருப்பதை, விமானக் கட்டணமும் படகுக் கட்டணமும் கொடுத்துத் தேடிப் போனவன், ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுவது பேராசையா? கிளிமீன் போய்விட்டது. தலையைத் தூக்கி இலக்கத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பக் குனிந்தபோது, கலங்கிய மணல்தான் தெரிந்தது. அந்த மணலைக் கலக்கினவையும் அவருடைய கால்களே.

திரும்பும் படகில் எண்ணிக்கை பதினான்கு வந்தது. குறைவதையே ஆயுள் முழுவதும் எதிர்பார்த்திருந்த மனுஷருக்கு, மிகுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலு முறை எண்ணிய பிறகு, என் மாமியாரின் மடியருகே முறுக்குத் தின்றுகொண்டிருந்த வங்காளிப் பையன் ஒருவன் அகப்பட்டான். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய், பிள்ளை காணாமற் போனதே தெரியாமல் உறங்கிக்கொண்டிருந்த அவன் தகப்பனாரை எழுப்பி, தமிழும் இங்கிலீஷும் கைஜாடையுமாக, தலை எண்ணும் சாஸ்திரத்தைக் கரை சேரும் வரையில் உபதேசித்தார். அந்த நேரம் முழுவதும் எங்களை ஒரு தடவைகூட எண்ணவில்லை. நாங்களும் நிம்மதியாகக் கடலைப் பார்த்தோம். ஆழக் கடல், அடியில் ஒன்றும் தெரியவில்லை.