கோதுமைக்கு அம்மை

திருவேங்கடம் பக்கம் மக்காச்சோளத் தகராறு அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வியாபாரி ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். "ஈரம் கிடக்குல்லா, அண்ணாச்சி" என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். மேல்முறையீடு கிடையாது.

உலக வணிகம் நாகரிகமானது. 2022 மே மாதம் இந்தியாவிலிருந்து போன 56 ஆயிரம் டன்னுக்கும் அதிகமான கோதுமையைத் துருக்கி திருப்பி அனுப்பியது. காரணமாக அடிபட்ட பெயர் ரூபெல்லா. மனிதருக்கு மட்டுமே வரும் அம்மை அது! கப்பல் வாசலில் வேப்பிலை செருகினார்களா என்று செய்தியில் இல்லை. எல்லா அனுமதியும் பெற்றுப் போன சரக்கு என்றது நம் தரப்பு.

இத்தகைய தகராறுகளைத் தீர்த்துவைக்க லண்டனில் காஃப்டா என்ற தானிய வணிகச் சங்கம் இருக்கிறது. ஏற்றும் துறைமுகத்துச் சான்றிதழே இறுதி என்று ஒப்பந்தத்தில் இருந்தால், இறக்கும் இடத்தில் வண்டே வந்து சாட்சி சொன்னாலும் பெரும்பாலும் எடுபடாது. முத்திரையிட்ட மாதிரிப் பை, நடுவர்கள், மேல்முறையீட்டு வாரியம் எல்லாம் உண்டு, கட்டணமும்தான்.

நம் சம்சாரிக்கு வாய்த்த ஆய்வகமோ வியாபாரியின் கடைவாய்ப்பல். அதற்கு யாரும் தரச்சான்று கேட்டதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஈரம் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அடுத்த மகசூலை அங்கே கொண்டுபோங்கள், அண்ணாச்சி.