சால்வைக்கு அப்புறம்தான் சயின்ஸ்!

விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களின் கேள்விகள்: இந்த வாரம் அறிவியல் கூட்டங்கள் ஸ்பெஷல்

கேள்வி: எங்கள் கல்லூரியில் நடந்த கருத்தரங்க பேனரில் 'பன்னாட்டு' என்று போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பாண்டிச்சேரிக்காரர்கள். இது எந்தக் கணக்கு?
– வேதியியல் மாணவி, திண்டிவனம்

பதில்: 1954 வரைக்கும் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில்தானே இருந்தது, அந்தக் கணக்காக இருக்கும்! இப்போது அதுகூடத் தேவையில்லை. மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டி, "ஆடியோ கேக்குதா?" என்று கேட்டுவிட்டால் போதும், பன்னாடு ஆகிவிடும்.

கேள்வி: இப்படிக் கூடிக் கூடிப் பேசி வேதியியல் உருப்பட்டதாகச் சரித்திரம் உண்டா?
– உரக்கடை உரிமையாளர், விக்கிரவாண்டி

பதில்: உண்டு. ஆனால் மேடையில் அல்ல, கிளம்புகிற நேரத்தில்! 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் சுமார் 140 வேதியியலாளர்கள் மூன்று நாள் கூடினார்கள். உலகின் முதல் சர்வதேச வேதியியல் மாநாடு அதுதான். அப்போது அணு எடை விஷயத்தில் ஆளுக்கொரு கணக்கு. அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே 19 விதமான வாய்பாடு புழக்கத்தில் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் பேசியும் முடிவு இல்லை. கடைசியில், இத்தாலியரான கன்னிசாரோ எழுதிய சிறு பிரசுரம் ஒன்றை அவருடைய நண்பர் எல்லார் கையிலும் கொடுத்து அனுப்பினார். ஊருக்குத் திரும்பும்போது லோதர் மேயர் அதைப் படித்தார், குழப்பம் தீர்ந்தது. அதே கூட்டத்தில் இருந்த இன்னொரு இளைஞர் மெண்டலீவ். ஒன்பது வருஷம் கழித்து 1869-இல் தனிம அட்டவணையோடு வந்தார். ஆகவே கூட்டத்தில் தரும் நோட்டீஸை சமோசா வைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: கருத்தரங்கில் மிகச் சிறந்த அமர்வு எது?
– ஆய்வு மாணவர், விழுப்புரம்

பதில்: டீ பிரேக். பொன்னாடை இல்லை, 'முன்னிலை வகிப்பவர்' இல்லை, ஆனால் கேள்வி உண்டு.

கேள்வி: இந்திய அறிவியல் மாநாட்டைப் பற்றி உங்கள் அபிப்பிராயம்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், விழுப்புரம்

பதில்: பிறந்த ஜாதகம் நல்ல ஜாதகம் ஐயா. அதை யோசித்து ஆரம்பித்தவர்கள் இரண்டு வேதியியல் பேராசிரியர்கள். ஒருவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த சைமன்சன், மற்றவர் லக்னோவிலிருந்த மக்மான். 1914 ஜனவரியில் கல்கத்தாவில் முதல் மாநாடு. வந்தவர்கள் 105 பேர், படித்த கட்டுரைகள் 35. அடுத்த வருஷமே சென்னைக்கு வந்துவிட்டது.

பிற்பாடு கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருத்தது, விஷயம் இளைத்தது. 2019-இல் ஜலந்தர் மாநாட்டு மேடையில், கௌரவர்கள் நூறு பேரும் டெஸ்ட் ட்யூப் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தரே முழங்கினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, வேதியியலுக்கு நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இந்த மாநாட்டை சர்க்கஸ் என்று சொல்லி, இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கும்பிடு போட்டுவிட்டார். அவர் பிறந்தது சிதம்பரம். அதாவது விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியாத 1993-க்கு முந்தைய கணக்கில் நம் தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். சொந்த மாவட்டத்துக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!

கேள்வி: பிப்ரவரி 28 அறிவியல் தினம். அன்று ராமன் எங்கே பேசினார்?
– பத்தாம் வகுப்பு மாணவன், மயிலம்

பதில்: அன்று அவர் பேசவில்லை தம்பி, கல்கத்தாவில் ஒளிச்சிதறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது 1928 மார்ச் 16, பெங்களூரில். அந்தப் பேச்சை உடனே அச்சடித்து உலகம் முழுக்க இயற்பியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். 1930-இல் நோபல். நம்மூரில் விழா முடிந்து குரூப் போட்டோ வாட்ஸ்அப்பில் வரவே அவ்வளவு நாள் ஆகிறது.

கேள்வி: அறிவியல் உலகத்தில் எங்கள் திண்டிவனத்தின் பெயர் எங்காவது இருக்கிறதா, இல்லை டோல்கேட்டோடு சரியா?
– பேருந்து நடத்துநர், திண்டிவனம்

பதில்: கடலை விதை மூட்டையைப் பாருங்கள். 'டி.எம்.வி. 2', 'டி.எம்.வி. 7' என்று இருக்கும். அந்த டி.எம்.வி. திண்டிவனம்தான். உங்கள் ஊர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள். ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் விதைத்தார்கள். டிக்கெட்டில்கூட அவ்வளவு தூரம் போகாது உங்கள் ஊர்ப் பெயர்!

கேள்வி: மரக்காணம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். லேப் வசதி இல்லையாம். எதைச் செய்து காட்டுவது?
– கல்லூரி விரிவுரையாளர், விழுப்புரம்

பதில்: மரக்காணத்திலா லேப் இல்லை? ஈ.சி.ஆர். ஓரம் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கிறதே! பிள்ளைகளை உப்பளத்துக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். உப்பளக்காரர்கள் 'டிகிரி' என்று சொல்வது வெயிலின் சூடு அல்ல, உப்புநீரின் அடர்த்தி. கண்ணாடி மிதவை ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த அளவைக் கண்டுபிடித்தவர் போமே என்கிற பிரெஞ்சு மருந்தாளர், 1768-இல். கடல்நீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட, உப்புக்கு முன்பே ஜிப்சம் அடியில் இறங்கும். 25-ஐத் தொட்டால்தான் சோற்றுப்பு மின்ன ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்பும் கூடச் சேர்ந்து நாக்கில் கசக்கும், அதனால் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். எதை எடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதானே படிகமாக்கல் பாடம்? மிதவை கிடைக்காவிட்டால் ஒரு முட்டை கொண்டுபோங்கள். நல்ல தண்ணீரில் முழுகும், பாத்தி நீரில் மிதக்கும். கைதட்டல் நிச்சயம்.

இன்னொரு நாள் திருவக்கரை. வக்கிரகாளியம்மனைக் கும்பிட பௌர்ணமிக்கு அவ்வளவு கூட்டம். பக்கத்திலேயே சுமார் 2 கோடி வருஷத்துக் கல்மரங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-லேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, செல் செல்லாகக் கல்லாக்கியிருக்கிறது. மரத்தின் வரிகூட அழியவில்லை. பவர்பாயின்ட் எதற்கு?

கேள்வி: சாராயம் குடிப்பவர்கள் எத்தனையோ பேர். மெத்தனால் கலந்ததைக் குடித்தால் மட்டும் ஏன் கொத்தாகச் செத்துப்போகிறார்கள்? இதையெல்லாம் மேடை போட்டு யாராவது சொல்லக்கூடாதா?
– மீனவர் வீட்டுப் பெண், மரக்காணம்

பதில்: சொல்லத்தான் வேண்டும் தாயே. இதில் கிண்டலுக்கு இடமில்லை. 2023 மே மாதம் உங்கள் பக்கத்து எக்கியார்குப்பம் சம்பவத்தில் 14 உயிர். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல்.

போதை தருவது எத்தனால், தொழிற்சாலைக்கு வருவது மெத்தனால். இரண்டும் தண்ணீர் மாதிரி தெளிவு, வாசனையும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டுக்கும் போதை ஏறும். வித்தியாசம் ஒரே ஒரு கார்பன் அணு. வயிற்றுக்குப் போனபின் இரண்டையும் மாற்றத் தொடங்குவது கல்லீரலில் இருக்கும் ஒரே நொதி. எத்தனால் கடைசியில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகும், உடம்பு அதை எரித்துவிடும். மெத்தனாலோ முதலில் ஃபார்மால்டிஹைடு ஆகும் (விலங்கியல் லேபில் தவளையைப் போட்டு வைப்பார்களே, அது), பிறகு ஃபார்மிக் அமிலம். இது சீக்கிரம் வெளியேறாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். முதலில் அடிபடுவது கண் நரம்பு. "கண்ணு மங்குது" என்று சொல்வது அதனால்தான்.

மோசமான விஷயம், இதற்குப் பல மணி நேரம் ஆகும். குடித்தவர் தூங்கி எழுந்து 'நமக்கு ஒன்றுமில்லை' என்று நினைப்பார். அதே சரக்கைக் குடித்த இன்னொருவர் விழுந்துவிட்டார் என்று தெரிந்த நிமிஷமே, நன்றாக இருப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அந்த நொதியைத் தடுக்க மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. வீட்டு வைத்தியம் கிடையாது. இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் ஏ.சி. அரங்கம் அல்ல, குப்பத்துச் சமுதாயக்கூடம்.

கேள்வி: பேச்சு முடிந்ததும் 'நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்க்கிறோம்' என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், செஞ்சி

பதில்: ஆறு பேருக்குச் சால்வை போர்த்த நேரம் இருந்தது அல்லவா? அப்போதே எழுந்து, "ஐயா, ரெண்டு சால்வையைக் குறைத்தால் எனக்கு ஒரு கேள்விக்கு நேரம் கிடைக்கும்" என்று சொல்லுங்கள். அப்புறமும் மைக் தராவிட்டால் பேச்சாளர் காரில் ஏறும் இடத்தில் மடக்குங்கள். நல்ல விஞ்ஞானி என்றால் நின்று பதில் சொல்வார்.