முன்ஜாக்கிரதைப் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒரு முன்ஜாக்கிரதைப் பெரியப்பா உண்டு. சிங்கப்பூர் விமானம் மாலை ஆறரைக்கு என்றால், எங்களவர் காலை பதினொரு மணிக்கே மீனம்பாக்கத்தில் ஆஜர்.

பாதுகாப்புச் சோதனைக்கான ஒத்திகை ஒரு வாரம் முன்பே வீட்டில் தொடங்கிவிடும்.

"இந்தத் தேங்காயெண்ணெய் கால் பாட்டில்தானே இருக்கு, கைப்பையில வைக்கட்டுமா?" என்பார் பெரியம்மா.

"எண்ணெய் எவ்வளவுன்னு எவன் பார்க்கிறான்? பாட்டில் மேல போட்டிருக்கிற அளவுதான் கணக்கு. 100 மில்லியைத் தாண்டினா குப்பைத்தொட்டி!"

2006-இல் லண்டனில் குளிர்பான பாட்டிலில் வெடிமருந்து கடத்தத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டார்கள். அதன்பின் வந்த கட்டுப்பாடு இது. அந்தப் பாவிகளால்தான் தன் மாங்காய்த் தொக்கு மடியில் உட்கார்ந்து வராமல் பெட்டிக்குள் அடைபட்டுப் பயணம் செய்கிறது என்பது பெரியப்பாவின் நிரந்தர வருத்தம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு மட்டும் கைப்பையில் இடமுண்டு. சட்னிக்குக் கிடையாது. "சட்னி கெட்டியா இருந்தாலும் சட்டப்படி தண்ணிதான்!"

வரிசையில் நின்றதும் உபதேசம் ஆரம்பம். "தம்பி, லேப்டாப்பை வெளியே எடுத்துத் தனித் தட்டுல வைங்க. பைக்குள்ளயே விட்டா அதுக்கு அடியில இருக்கிறது எக்ஸ்ரேயில தெரியாது. பவர் பேங்க் கைப்பையிலதானே இருக்கு? பெட்டியில போட்டுட்டீங்களா! லித்தியமாச்சே, சரக்கறையில தீப்பிடிச்சா யாரு பார்ப்பா?"

அதுவரை நிம்மதியாக நின்ற தம்பிக்கு வியர்க்கத் தொடங்கியது.

பெரியப்பாவின் முறை வந்தது. சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் ஏற்கெனவே பையில். அறுபது வருட வெள்ளி அரைஞாண் வீட்டு பீரோவில். பெல்ட்டும் அங்கேயே. உலோகம் காட்டும் நிலைவாசலைக் கடந்தார். 'கீச்' என்றுகூட ஒலிக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்த பார்வையில், கடாரம் வென்ற களை.

ஆனால் நம் ஊரில் நிலைவாசல் மௌனமாக இருந்துவிட்டால் போதாது. அடுத்து ஒரு குட்டி மேடை. கைக்கருவியோடு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர்.

"கையைத் தூக்குங்க சார்."

பெரியப்பா வலது கையைத் தூக்கினார்.

"அந்தக் கையும் சார்."

இடது கை, பெல்ட்டும் அரைஞாணும் விட்டுப்போன பொறுப்பைத் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்தது. பெரியப்பா வீரரைப் பார்த்தார். வீரர் பெரியப்பாவைப் பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு இடது கையையும் தூக்கினார்.

அதன்பின் நடந்ததைப் பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு வெளியிடுவதற்கில்லை.