வேகம் பார்ப்பவர்

வேகம் பார்ப்பவர் பெரும்பாலும் ஐம்பதை நெருங்கும் குடும்பத் தலைவர். கணினித் துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் அலுவலகத்தில், பிறர் போட்ட கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பில் இருப்பவர். வீட்டுக் கணினியும் இணைய இணைப்பும் இப்போது ஓடுவதைவிட வேகமாக ஓட வல்லவை என்பதும், அந்த மிச்ச வேகத்தை யாரோ எங்கேயோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதும் அவருடைய அசையாத நம்பிக்கை. இந்த நம்பிக்கையால் அவர் செய்யும் காரியங்கள் பலவாயினும், அவற்றுள் தலையாயது வேகச் சோதனை.

வேகச் சோதனை என்பது, ஏதேனும் ஒரு சர்வரிலிருந்து சில விநாடிகள் தரவை இறக்கியும் பின்னர் ஏற்றியும் பார்த்து, விநாடிக்கு எத்தனை மெகாபிட் கடந்து சென்றது என்பதைத் திரையில் எண்ணாகக் காட்டும் சேவை. ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் 2006 முதலும், நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் 2016 முதலும் இப்பணியைச் செய்துவருகின்றன. இணைப்பில் கோளாறு இருக்குமோ என்று ஐயம் எழும்போது பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட இந்த வசதியை, வேகம் பார்ப்பவர் காலையில் பல் துலக்குவதற்கு முன்னும், அலுவலகத்திலிருந்து திரும்பிச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னும், இரவில் கதவைத் தாழிட்ட பின்னும் தவறாமல் பயன்படுத்துகிறார். இடைப்பட்ட வேளைகளில் செய்பவை நியமத்தில் சேராதவை.

சோதனைக்கு முன் கூடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வெளியாகும்: "யாரும் நெட்டைத் தொடாதீங்க, டெஸ்ட் ஓடுது." உடனே மகள் தன் இணையவழி வகுப்பிலிருந்து வெளியேற வேண்டும், ஸ்மார்ட் டிவியில் தொடர் பார்த்துக்கொண்டிருக்கும் தாயார், பாலில் எதையோ கலக்கக் கையை நீட்டிய வில்லி அப்படியே உறைந்து நிற்பதைப் பார்த்தவாறு காத்திருக்க வேண்டும், மின்கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கும் மனைவி, பணம் போயிற்றா போகவில்லையா என்று தெரியாத நிலையிலேயே கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். ஒரே இணைப்பைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும்போது அதன் கொள்ளளவு அவர்களிடையே பகிரப்படும் என்பதும், மற்றவர்கள் ஒதுங்கினால்தான் எண் உயரும் என்பதும் அவர் நன்கு அறிந்தவை. ஆக, வீட்டில் ஒருவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது அது மிக வேகமாக இருக்கிறது என்ற உண்மை, நாள்தோறும் பலமுறை, ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.

கிடைத்த எண்ணில் அவர் நிறைவடைவதில்லை. 100 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியவருக்குத் திரை 94 என்று காட்டுகிறது. தரவு இணையத்தில் சிறுசிறு பொட்டலங்களாகவே செல்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் அனுப்புநர், பெறுநர் முகவரி முதலிய குறிப்புகளையும் உடன் சுமந்து செல்வதால், 100 மெகாபிட் கேபிளின் வழியே பயனருக்கு வந்துசேரும் தரவு 94, 95 என்ற அளவில் நிற்பதே இயல்பு. வேகம் பார்ப்பவருக்கோ அந்த ஆறு மெகாபிட் களவுபோன சொத்து. சென்னை சர்வரில் 94 வந்தால் கோயம்புத்தூர் சர்வருக்கு மாறுவார். அங்கே 91 வந்தால் கோயம்புத்தூரைப் பற்றி ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டு சென்னைக்கே திரும்புவார். அதன்பின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடும்படி சொல்லும் இளைஞரிடம், அதை ஏற்கெனவே நான்கு முறை செய்துவிட்டதைப் பெருமிதத்துடன் தெரிவிப்பார். முடிவில், 95 என்று காட்டிய ஒரே ஒரு சோதனையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடுவார். அவருடைய சகலை, ஒரு சொல்லும் எழுதாமல், 187 என்று காட்டும் தம் வீட்டு ஸ்கிரீன்ஷாட்டை அதன் கீழே இடுவார்.

மறுநாளே இணைப்பு 200 மெகாபிட் திட்டத்துக்கு உயர்த்தப்படுகிறது. மாதக் கட்டணமும் உயர்கிறது. திரை மட்டும் 94 என்றே காட்டுகிறது. ரவுட்டரைக் கணினியுடன் இணைக்கும் லேன் கேபிளினுள் எட்டு இழைகள் உள்ளன. அவை எட்டும் முறையாகப் பொருந்தியிருந்தால்தான் வீட்டுக்குள் ஆயிரம் மெகாபிட் வரை செல்லும். அவற்றுள் குறிப்பிட்ட சில இழைகளில் ஒன்று அறுந்தாலும், அல்லது ரவுட்டரின் லேன் துளையே பழைய வகையாக இருந்தாலும், வேகம் 100 என்ற எல்லையிலேயே நின்றுவிடும். திட்டத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த எல்லை நகராது. கட்டிலுக்கு அடியில் குனிந்து, பல ஆண்டுகளாகக் கட்டிலின் கால் ஏறி நசுங்கிக் கிடக்கும் கேபிளை மாற்றுவதே இதற்குரிய பரிகாரம். ஆனால் குனிவது வேகம் பார்ப்பவரின் ஆய்வு நெறியில் இடம்பெறவில்லை. அவர் நாற்காலியில் அமர்ந்தவாறே அமைப்புகளை மாற்றுவார், மீண்டும் சோதிப்பார்.

இந்தச் சோதனைக்கும் தரவு செலவாகிறது என்பது அவர் கணக்கில் வருவதில்லை. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், 100 மெகாபிட் வேகத்தில் பத்து விநாடி இறக்கினால் 125 மெகாபைட் தீரும். அதே வேகத்தில் ஏற்றியும் பார்த்தால் 250. மாதாந்தர வரம்பு உள்ள திட்டத்தில், அந்த வரம்பைத் தாண்டியதும் நிறுவனம் வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் ஏன் குறைந்தது என்று கண்டறிய அவர் மேலும் சோதனைகள் செய்வார்.

ஏனைய பழக்கங்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். திரையின் வெற்றிடத்தில் வலது சொடுக்கு இட்டு, 'ரெஃப்ரெஷ்' என்பதை ஐந்தாறு முறை அழுத்திய பிறகே எந்த வேலையையும் தொடங்குவார்; அது சின்னங்களின் பட்டியலைப் புதுப்பிப்பதன்றிக் கணினிக்கு எந்தத் தெம்பையும் ஊட்டுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பரவிய, இணைப்பில் 20 விழுக்காட்டை மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கிவைத்துக்கொள்கிறது என்ற வதந்தியை அவர் இன்றும் நம்புகிறார். முன்னுரிமை கேட்கும் செயலிகளுக்காக மட்டும் உள்ள வரம்பு அது என்றும், எவரும் கேளாதபோது முழு இணைப்பும் அனைவருக்கும் கிடைக்கும் என்றும் அந்நிறுவனம் அப்போதே விளக்கிவிட்டது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையை, 2009இல் வந்த கூகுளின் 8.8.8.8க்கும் 2018இல் வந்த கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1க்கும் இடையே வாரந்தோறும் மாற்றிவைப்பார். வீட்டு முகவரியை விரைந்து சொல்லிவிட்டதனால் பேருந்து விரைந்து செல்லாது என்பதுபோல, முகவரி கிடைத்த பிறகு தரவு வரும் வேகத்தில் டிஎன்எஸ்ஸுக்குப் பங்கில்லை.

இவரை முற்றிலும் குறைகூறுவது நியாயமாகாது. நொடிக்கு 56 கிலோபிட் மோடம், தொலைபேசியை அடைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு நிமிடம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டு கிறீச்சிட்ட காலத்தில் கணினி பழகியவர் அவர். 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கையில் இந்திய அரசு அகலக்கற்றை என்று வரையறுத்த வேகமே நொடிக்கு 256 கிலோபிட்தான். அந்த வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்தது 2023இல். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவதற்குக் கணக்கில்லை என்றிருந்த பிஎஸ்என்எல் திட்டத்துக்காக, அலாரம் வைத்து எழுந்து, ஒரு பழைய பாடல் தொகுப்பைத் தாயாருக்காக இறக்கித் தந்த பிள்ளையும் அவரே. அந்நாளில் ஒவ்வொரு கிலோபிட்டுக்கும் பொருள் இருந்தது. அதைத் தேடிப் பிடித்தவருக்கு வீட்டில் மதிப்பும் இருந்தது.

ஆனால் இன்றைய குறையை இந்தப் பழம்பெருமையால் மூடிவிட இயலாது. ரவுட்டர் கூடத்து ஷோகேஸினுள், கொலு பொம்மைகளுக்குப் பின்னால் இருக்கிறது. வேகம் பார்ப்பவர் அதற்கு இரண்டடி தொலைவில், கேபிள் இணைத்த கணினியில் சோதிக்கிறார். மகளின் அறை இரண்டு சுவர்களுக்கு அப்பால் உள்ளது. வைஃபை வழக்கமாகப் பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகளுள், வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கடக்கையில் பெரிதும் நலிந்துவிடும். தொலைவு செல்லும் 2.4 கிகாஹெர்ட்ஸோ அண்டை வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும் பாதை. "அப்பா, என் ரூம்ல நெட் வரவே மாட்டேங்குதுப்பா" என்று அவள் சொன்னால், அவர் 94 என்ற எண்ணைக் காட்டுகிறார். எண் சரியாக இருப்பதால் பிழை அவளுடைய மடிக்கணினியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவளைக் கேளாமலே அதை எடுத்துச் சென்று, 'கிளீனர்' என்ற பெயருள்ள ஏதோ ஒரு செயலியை ஓட்டி, சேமித்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் துடைத்துத் திருப்பித் தருகிறார். இது எரிச்சலூட்டும் செயல். பிறர் பொருளில் கேளாமல் கைவைப்பது, எவ்வளவு அன்புடன் செய்தாலும், முறையற்றது. குறை சொல்ல வந்தவரிடமே குறை இருப்பதாக எண்ணைக் காட்டி நிறுவுவது அதனினும் முறையற்றது. ரவுட்டரை ஷோகேஸிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைக்க ஓர் ஆணியும் கொஞ்சம் நீளமான கேபிளும் போதும். அதை அவர் இதுவரை செய்யவில்லை.

வேகம் பார்ப்பவர் உண்மையிலேயே வேகம் பார்க்க விரும்பினால், இரவு 8 மணிக்கு, வீட்டார் அனைவரும் தத்தம் வேலையாக இணையத்தில் இருக்கும்போது, மகளின் அறைக்குள் நின்று, கைப்பேசியில் ஒரே ஒருமுறை சோதிக்கலாம். வீட்டாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் ஒருமுறை அவ்வாறு செய்ததும் உண்டு. அன்று கிடைத்த எண் சகலைக்கு அனுப்பப்பட்டதாகத் தகவல் இல்லை.