வௌவாலுக்குத் தெரியுதுய்யா நேரங்காலம்

வாய்யா பேராண்டி, வா. பகல் பதினோரு மணிக்கு எந்திரிச்சு வந்து "குட் மார்னிங் தாத்தா"ங்கிறியே, பதிலுக்கு நான் என்னத்தச் சொல்ல? எனக்கு மத்தியானத் தூக்கத்துக்கே நேரமாச்சு. அது சரி, கையில கட்டியிருக்கியே கடியாரம், அது ராத்திரி எம்புட்டுத் தூங்குனன்னு மார்க் போடுதாம்ல? நூத்துக்கு நாப்பத்தொண்ணாமே. படிப்புலதான் அரியர் வச்சன்னு பார்த்தா, தூக்கத்துலயுமா?

கேட்டா, "மதுரை தூங்கா நகரம் தாத்தா"ன்னு பெருமை வேற. யாரு முழிச்சிருந்தாங்கன்னு பார்க்கணும்ல ராசா. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடுன மதுரைக்காஞ்சியில இந்த ஊரு ராத்திரி சாமஞ்சாமமா வருது. முன்சாமத்துல கடைத்தெருவே கலகலன்னு கெடக்கும். அப்புறம் கடையைச் சாத்துறாங்க. பணியாரம் விக்கிறவன் உக்காந்தபடியே தூங்கி விழுறான். கூத்தாடுறவனும் படுத்துர்றான். நடுச்சாமத்துல முழிச்சுத் திரியிறது மூணே வகைதான்: கன்னம் வைக்கிற களவாணி, அவனைப் பிடிக்க அலையிற ஊர்க்காவலன், பேய். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். இருட்டுக்குள்ள மூஞ்சியில மட்டும் நீலமா வெளிச்சம் அடிக்க, தன்னால சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. எனக்கு மூணாவது வகைன்னுதான் பட்டுச்சு. ஒங்க அப்பத்தா விபூதித் தட்டையே எடுத்துட்டு வந்துட்டா.

ஆத்தா மீனாட்சிக்கு மீன்கண்ணு, இமைக்காமக் காவல் காக்குறான்னு சொல்லுவாங்க. வாஸ்தவம். ஆனா அவ வீட்டுலயும் ராத்திரியானா சொக்கருக்குப் பல்லக்கு வந்துரும், பள்ளியறைக்குப் போயிருவாரு, நடை சாத்திருவாங்க. அவருக்கு இல்லாத சோலி ஒனக்கு என்னய்யா?

முழிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்துல விடிய விடிய நின்னவன்தான் நானும். அது வருசத்துக்கு ஒரு ராத்திரி, ஊரோட சேந்து முழிக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல முழிக்கிறவன் பொழப்புக்கு முழிக்கிறான். நீ முழிச்சிருக்கது யாரோ ஒருத்தன் எங்கிட்டோ புரோட்டாவுக்கு மாவு வீசுறதைப் பார்க்க. அதைப் பார்த்ததும் பசிச்சுருது. பன்னெண்டு மணிக்குக் கொத்து புரோட்டா ஆர்டர் போடுற. பகல்ல தின்னா சக்கரையைச் சமாளிக்கிற ஒடம்பு, நடுராத்திரியில பாதிக் கடையைச் சாத்தி வச்சிருக்கும். நீ போய் ஷட்டரைத் தட்டுற.

மல்லியப் பாரு. 2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க. குறியீடு வர்றதுக்கு முந்தியே அதுக்கு நேரங்காலம் தெரியும். வெள்ளன வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டாப் பறிச்சுரணும். பறிச்சு, சாக்குல கட்டி, பஸ்ஸுல போட்டு, தராசுல கொட்டி, ஈரத்துணி மூடி, நாருல கட்டி, எவ தலையிலயோ ஏறுனதுக்கப்புறமும் அது அவசரப்படாது. பொழுது சாயத்தான் விரியும். செடியை விட்டு வந்த மொட்டுக்கு இருக்கிற புத்தி!

இன்னொண்ணு சொல்றேன், கேளு. நாகமலைப் பக்கம் நான் மாடு மேச்ச காலத்துல, காமராசர் பல்கலைக்கழகத்துக்காரங்க வௌவால் பின்னாடி சுத்துவாங்க. படிச்சவங்களுக்கு இதா வேலைன்னு நாங்க சிரிப்போம். அப்புறம் டீக்கடையில அந்தப் பிள்ளைகளே சொல்லித்தான் வெவரம் தெரிஞ்சது. எம்.கே. சந்திரசேகரன்னு ஒரு பேராசிரியர், நம்ம நாட்டுல ஒடம்புக்குள்ள ஓடுற கடியாரத்தை ஆராயிறதுக்கு வழி போட்டவரு. அவரும் மாரிமுத்துன்னு இன்னொருத்தரும் மத்தவங்களுமா, வெளிச்சமே எட்டாத குகைக்குள்ள வௌவாலைக் கூண்டுல அடைச்சு வச்சுப் பார்த்தாங்க. அதுக்கு விடிஞ்சதும் தெரியாது, இருட்டுனதும் தெரியாது. ஆனா குகையில இருக்கிற மத்த வௌவாலுங்க பொழுது சாஞ்சா இரை தேடப் போகும், விடியிறதுக்குள்ள திரும்பும். அந்த அரவத்தைக் கேட்டே கூண்டு வௌவால் தன் நேரத்தைச் சரியா வச்சுக்கிருச்சு. கூட்டம் இல்லாத குகையில வச்சா, அதோட நாள் தன் போக்குல நழுவிப் போச்சு. 1981-ல இதைக் கட்டுரையா எழுதுனாங்க.

அடுத்து மனுசன். சூரியன் தெரியாத, சத்தம் புகாத அறை ஒண்ணு பல்கலைக்கழகத்துலயே ஏற்பாடு பண்ணி, கடியாரம் இல்லாம ஆளை இருக்க வச்சாங்க. எப்பப் படுக்கிறான், எப்ப எந்திரிக்கிறான்னு குறிச்சுக்கிட்டே வந்தா, அவனோட நாள் 24 மணி நேரத்துல நிக்காம அதுக்கு மேல நீளுது. அதுக்கு எம்புட்டோ செலவு பண்ணுனாங்க. நீ மாடியில சும்மாவே கட்டிட்ட! சன்னலுக்குக் கருப்புத் திரை, அடைச்ச கதவு, ஈஎம்ஐ-ல ஏசி, காதுல அந்த வெள்ளைக் கொட்டை. ஆராய்ச்சிக்கு உக்காந்தவனாவது கொஞ்ச நாள்ல வெளிய வந்தான்.

அந்தக் காதுக் கொட்டையத்தான் நான் சொல்ல வர்றேன். முன்னெல்லாம் அப்பத்தா வாசத் தெளிக்கிற சத்தம், பால்காரன் மணி, கோயில் ரேடியோ, அடுப்படியில பாத்திரம் உருள்றது, இதெல்லாம் கேட்டுத்தான் வீட்டுல எல்லாரும் முழிப்போம். கூண்டு வௌவாலுக்குக் கெடச்ச அரவம் அது. இப்ப ஒங்கப்பன் அமெரிக்காக்காரன் நேரத்துக்கு மீட்டிங் பேசுறான், ஒங்காத்தா பதினோரு மணிக்குச் சீரியல் பார்க்குறா. நாலு பேருக்கு நாலு நேரம். வெஞ்சனம் மட்டும் ஒரே சட்டியில, அதுவும் நாலு தடவை சூடு பண்ணி. பெறகு ஒருத்தருக்கொருத்தர் சிடுசிடுன்னு விழுறீங்க. "சாப்பிட வாய்யா"ன்னு கூப்பிட்டதுக்கு முந்தாநா அப்பத்தாகிட்ட அப்பிடி எரிஞ்சு விழுந்தயே, அது நீயில்ல, ஒன் தூக்கம் பேசுது. அவளுக்கு அது தெரியாது. ராத்திரிச் சோத்தை எடுத்து வச்சுட்டுப் பேசாமப் போய்ப் படுத்துட்டா.

பெரிய வைத்தியமெல்லாம் வேணாம்ப்பு. வெள்ளன எந்திரிச்சுத் திண்ணையில பத்து நிமிசம் உக்காரு, காலை வெளிச்சம் கண்ணுல படட்டும். ஒடம்புக் கடியாரத்துக்குச் சாவி குடுக்கிறது அதுதான். பொழுது சாஞ்சா மூளையில மெலடோனின்னு ஒண்ணு சுரக்குமாம், தூங்குறதுக்குப் பாய் விரிக்கிறது அதான். போன் வெளிச்சம் கண்ணுல பட்டா, இன்னும் பொழுது சாயலன்னு நெனைச்சுக்கிட்டு மூளை அதை நிறுத்தி வச்சுருது. எட்டரைக்குள்ள சாப்பிட்டுட்டு, போனை அடுப்படியில வச்சுட்டுப் படு. களவாணி வந்து எடுத்துட்டுப் போனா போகட்டும், அவனாவது முழிச்சிருக்கட்டும்.

கேக்க மாட்டேங்கிற. தெரியும். எனக்கு இங்கிலீசு தெரியாது, பாஸ்வேர்டு தெரியாது. ஆனா பச்சையா நாலு லைட்டு மினுக்குதே ஒரு டப்பா, அதோட பிளக் என் கட்டிலுக்குத் தலைமாட்டுலதான் இருக்கு. அங்க இருக்கிறது ஒரே ஒரு பிளக். இன்னைக்குப் பத்து மணியில இருந்து எனக்குக் கொசு ரொம்பக் கடிக்கப் போகுது, மருந்து மிசினை அதுலதான் சொருகணும்.