ஜெயிக்க வழியில்லை, அதனால் சூதாட்டமில்லை

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புக்கடை, குழாய்க்கடை, டைல்ஸ் கடை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாமல் முழி பிதுங்கும் தவுக்கேமார்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். காசு வேண்டாம், இலவசம்.

குழாய்க்குப் பக்கத்தில் விலைச்சீட்டு மாட்டியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கழற்றுங்கள். விலை தெரிந்தால் மனுஷன் யோசிப்பான். குழாய் கேட்டு வருகிறவனிடம் வெள்ளியை வாங்கிக்கொண்டு பளிங்குக் கல் கொடுங்கள். பளிங்குக் கல்லை அடுத்த மேசையில் நீட்டினால் நட்சத்திரக் கல் தரச் சொல்லுங்கள். 160 நட்சத்திரக் கல்லுக்கு ஒரு சீட்டு. சீட்டைப் பெட்டியில் போட்டால் மணி அடிக்க வேண்டும், கூரையில் எரிநட்சத்திரம் பாய வேண்டும், அப்புறம் அவன் உள்ளங்கையில் ஒரு திருகாணி வந்து விழ வேண்டும்.

"அண்ணே, நான் கேட்டது குழாய்."

"ஆயிரம் சீட்டுல ஆறு சீட்டுக்கு நல்ல சாமான் இருக்கு தம்பி. இன்னொண்ணு போட்டுப் பாருங்க."

90ஆவது சீட்டில் நல்ல சாமான் ஒன்றைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அது அவன் கேட்ட குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஏறக்குறைய பாதிக்குப் பாதி அது கக்கூஸ் மூடியாக இருக்கட்டும். அடுத்த 90 சீட்டுக்குள் குழாயைக் கொடுத்துவிடலாம். அதில் தண்ணீர் சொட்டினால் போதும். அதே குழாயை ஏழு தடவை ஜெயித்தவனுக்குத்தான் முழுசாகக் கொட்டும். முக்கியமான விஷயம், வீட்டுக்கு எடுத்துப்போக விட்டுவிடாதீர்கள். குழாய் உங்கள் கடையிலேயே இருக்கும், அவன் வந்து திறந்து பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போவான். நீங்கள் கடையை மூடும் நாளில் குழாயும் சேர்ந்து போகும்.

இப்படி ஒரு கடையை நீங்கள் திங்கட்கிழமை திறந்தால் செவ்வாய்க்கிழமை பயனீட்டாளர் சங்கம் வாசலில் நிற்கும், புதன்கிழமை போலீஸ் வரும். கைப்பேசிக்குள் திறந்தீர்களானால் உங்களைத் தொழில்முனைவர் என்பார்கள்.

நான் கணக்கு எதையும் கற்பனை செய்யவில்லை. 2020 செப்டம்பர் 28 அன்று வெளிவந்த 'கென்ஷின் இம்பேக்ட்' விளையாட்டின் விதியை அப்படியே குழாய்க்கடைக்கு மாற்றி எழுதினேன். வாளும் மந்திரமும் ஏந்திய வீரர்களைச் சேர்த்துக்கொண்டு அரக்கர்களோடு சண்டை போடும் விளையாட்டு. ஐந்து நட்சத்திர வீரர் கிடைக்க ஒரு சீட்டுக்கு வாய்ப்பு 0.6 விழுக்காடு. ராய்டன் ஷோகுன் வேண்டுமென்று மாதக்கணக்கில் கல் சேர்த்தவனுக்கு வந்து நிற்பது சீச்சி. அந்த வீராங்கனையின் பெயரே அதுதான், நான் திட்டவில்லை.

கற்களை விற்கும் பெரிய மூட்டையின் விலை 99.99 அமெரிக்க டாலர். வழக்கமான போனஸையும் சேர்த்தால் 8,080 கல். 160ஆல் வகுத்துப் பாருங்கள். 50 சீட்டு போக 80 கல் மிஞ்சும். அரைச் சீட்டுக்கு எங்கும் மதிப்பில்லை. அந்த 80 கல் தற்செயலாக மிஞ்சுகிறது என்று நம்புகிறவர்களுக்கு என்னிடம் விற்பதற்கு ஒரு மெர்லயன் இருக்கிறது. ஆகாத காலத்தில் கேட்ட வீரரைப் பிடிக்க 180 சீட்டு, அதாவது 28,800 கல், கிட்டத்தட்ட 400 டாலர் மூட்டைகள். ஓர் ஓவியத்துக்கு! காசு போடாமலும் ஆடலாம், மறுக்கவில்லை. தினமும் உள்ளே போய் ஏவிய வேலைகளை முடித்தால் 60 கல் கூலி. மூன்று நாள் உழைத்தால் ஒரு சீட்டு. விளையாட்டு அழகானது, இசைக்கு லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவே வாசித்திருக்கிறது. வலை அழகாக இல்லாவிட்டால் யார் விழப்போகிறார்கள்?

ஜாலான் புசார் வட்டாரம் ஏமாற்று வித்தைக்குப் புதிதல்ல. 1923இல் இங்கே 'நியூ வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா திறந்தது. காபரேயில் சீட்டுக் கொடுத்தால் ஒரு பெண் ஒரு பாட்டுக்கு உங்களோடு ஆடுவார். ஒரு சீட்டு, ஒரு பாட்டு. சீட்டை வாங்கிக்கொண்டு, ஆயிரத்தில் ஆறு பேருக்குத்தான் ஆட்டம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. பக்கத்திலேயே சுங்கை ரோடு திருட்டுச் சந்தை. பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, யாரோ தொலைத்த கேமரா. பெயரிலேயே திருட்டு என்று போட்டுக்கொண்ட அந்தச் சந்தையில்கூடப் பொருளைப் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி, கையில் எடுத்துக்கொண்டு போகலாம். 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடினார்கள். நகர வளர்ச்சிக்கு அது பொருந்தவில்லையாம்.

சாலையின் முனையில் கால்வாய்க்கு அப்பால் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதி. 2014இல் அங்கே ஒரு கடை, வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளிக்கு 950 வெள்ளிக்கு ஐபோன் விற்றுவிட்டு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கொடு என்றது. அவர் தரையில் மண்டியிட்டு அழுத காட்சியை உலகமே பார்த்தது. இன்னொரு வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்த 1,010 வெள்ளியைச் சில்லறையாக மூட்டை கட்டிக் கொடுத்ததும் அதே கடைதான். கடைக்காரருக்கு 33 மாதச் சிறை கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனாலும் பாவம், பழங்காலத்து ஆள். விலையை வாயால் சொன்னார், ஆளைப் பார்த்து ஏமாற்றினார், திருப்பிக் கொடுத்ததையும் உண்மையான நாணயத்தில் கொடுத்தார். கல்லில் கொடுத்திருந்தால் இன்று மாநாடுகளில் பேசிக்கொண்டிருப்பார்.

நம் அரசாங்கம் சூதாட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் அரசாங்கம் அல்ல. கசினோவுக்குள் போக 21 வயதாக வேண்டும், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி நுழைவுக்கட்டணம் கட்ட வேண்டும். புதன், சனி, ஞாயிறுகளில் நாலு நம்பர் எழுத வரிசையில் நிற்கும் நம்மூர்ப் பெரியவர்கள் சிங்கப்பூர் பூல்ஸ் கடையில் 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அவர்கள் ஐம்பதைத் தாண்டியிருப்பது வேறு விஷயம். 2022 ஆகஸ்ட் 1 முதல் புதிய சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் கண் எவ்வளவு கூர்மை என்றால், கடைத்தொகுதியில் கொக்கி போட்டுக் கரடி பொம்மை எடுக்கும் இயந்திரத்தையும் அது விடவில்லை. பரிசின் மதிப்பு 100 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது.

கைப்பேசிக்குள் இருக்கும் சீட்டுப் பெட்டிக்கும் நிபந்தனை உண்டு. ஜெயித்ததைக் காசாக மாற்ற விளையாட்டு வழி செய்துகொடுக்கக்கூடாது. வழியில்லையா, தாராளமாக நடத்திக்கொள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். சூதாட்டம் என்றால் பணத்தைப் போட்டுப் பணத்தைப் பிடிக்கப் பார்ப்பது. பணம் போகும், ஒருபோதும் திரும்பாது என்றால் அது சூதாட்டமாகாது. நாலு நம்பரில் ஒரு வெள்ளி 'பெரிது' எழுதி முதல் பரிசு விழுந்தால் 2,000 வெள்ளி கிடைக்கும், ஆகவே அது ஆபத்து. இங்கே 20,000 வெள்ளி போட்டாலும் பத்துக் காசு கிடைக்காது, ஆகவே அது பொழுதுபோக்கு. எப்படிப்பட்ட சட்ட அறிவு!

20,000 என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. இதே கென்ஷினில் 18 வயது மகள் வீரர்களைப் பிடிக்கப்போய், சிங்கப்பூர்த் தந்தை ஒருவருக்குக் கடன் அட்டையில் சுமார் 20,000 வெள்ளி கட்டணம் வந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. படித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், பெற்றோர் கவனிக்க வேண்டாமா என்று. வேண்டும்தான். எரிநட்சத்திரத்தின் நிறத்தையும் மணியோசையின் நீளத்தையும் தீர்மானிக்கச் சம்பளம் வாங்கும் வல்லுநர் கூட்டம் ஒரு பக்கம். இரண்டு ஷிப்ட் முடித்து வந்து சோபாவில் சாயும் அப்பா இன்னொரு பக்கம். அவர் கவனிக்க வேண்டும்!

2014 உலகக்கிண்ணத்தின்போது பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் வெளியிட்ட விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? அப்பா என் சேமிப்பையெல்லாம் ஜெர்மனி மேல் கட்டிவிட்டார் என்று ஒரு பையன் சோகமாகச் சொன்னான். ஜெர்மனி கிண்ணத்தை வென்றது, உலகம் வயிறு குலுங்கச் சிரித்தது. இன்று அதே விளம்பரத்தை அப்பாவை வைத்துத்தான் எடுக்க வேண்டும். சிரிக்க ஆளிருக்காது. இந்த ஆட்டத்தில் ஜெர்மனியே கிடையாது.

வெளிநாட்டார் இவ்வளவு நாகரிகமானவர்கள் அல்ல. ஜப்பான் 2012லேயே, சீட்டுகளால் முழுத்தொகுதி சேர்த்தால்தான் பரிசு என்ற தந்திரத்தைத் தடுத்தது. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் கென்ஷின்காரர்களைப் பிடித்தது. கற்களை மாற்றி மாற்றி உண்மை விலையை மறைத்தார்கள், வாய்ப்பு விகிதத்தைத் தவறாகக் காட்டினார்கள், சிறுவர்களைக் குறிவைத்தார்கள் என்பவை குற்றச்சாட்டு. பலவற்றை மறுத்தாலும் நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சீட்டு விற்கவும் தடை. அந்த விளையாட்டு முதல் ஆறு மாதத்தில் கைப்பேசியில் மட்டும் 100 கோடி டாலர் வசூலித்ததாகச் சென்சர் டவர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அந்த வேகத்தில் பார்த்தால் அபராதம் நாலு நாள் கல்லாப்பணம்.

அந்த வழக்கின் எதிராளிகளில் ஒன்று காக்னோஸ்ஃபியர் பிரைவேட் லிமிடெட். சிங்கப்பூர் நிறுவனம். ஷாங்ஹாயில் செய்த விளையாட்டை உலகுக்கு விற்கும் கடையின் முகவரி நம்முடையது. ஆக, நம் ஊர்க் கம்பெனியிடமிருந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு?

ஜாலான் புசார் குழுத்தொகுதியின் உறுப்பினர் ஜோசஃபின் டியோவே மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சர். தொகுதிவாசிகள் அதிர்ஷ்டசாலிகள், மனுவைத் தூக்கிக்கொண்டு வேறெங்கும் அலைய வேண்டாம். அடுத்த மக்கள் சந்திப்பில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். விலையைக் கல்லில் எழுதாதே, வெள்ளியில் எழுது. 16 வயதுக்குக் கீழே விற்காதே, அப்பா அம்மாவைக் கேட்காமல். புதிதாக எதையும் யோசித்து எழுத வேண்டியதில்லை, அமெரிக்காவிடம் ஒப்புக்கொண்ட தாளிலேயே ஏறக்குறைய இதெல்லாம் இருக்கிறது. கம்பெனியைத் தேடவும் விமானம் ஏற வேண்டாம். ஜாலான் புசார் நிலையத்தில் டவுன்டவுன் ரயிலைப் பிடித்து, பொட்டானிக் கார்டன்ஸில் வட்டப் பாதைக்கு மாறினால் ஒன்-நார்த். கட்டணம் ஒரு சீட்டின் விலையைவிடக் குறைவு.